பத்தடி மணல்

முதல் தடவை கூப்பிட்டால் காது கேட்காத மாதிரியே உட்கார்ந்திருக்கும் என் அஞ்சலை அண்ணிக்கு,

நம்ம மணல் வரைபடத்தில் ஏறிவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் இன்று காலை நகல் கொடுத்தார்கள். இப்போது திண்டிவனம் பஸ் நிலையத்தில் மரக்காணம் வண்டிக்காக உட்கார்ந்திருக்கிறேன். மடியில் கொறிக்க வாங்கிய வறுத்த மல்லாட்டைப் பொட்டலம், அதற்கு அடியில் பிளாஸ்டிக் பையில் வரைபடம். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது இரண்டு தடவை வெளியே எடுத்துப் பார்த்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "இன்னாமா, வீட்டுப் பத்திரமா?" என்று கேட்டார். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். அது பொய்யா என்ன?

ஊரில் எல்லாரும் அண்ணியை 'நீங்க' என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்தக் கழிச் சண்டை வரும்வரை. அன்று கோபத்தில் வாயில் வந்த 'நீ' சமாதானமான பிறகும் போகவில்லை. நீயும் திருத்தவில்லை.

கருவாடு காயப்போடும் மணலில் உன் இடத்துக்கும் என் இடத்துக்கும் நடுவில் ஒரு சவுக்குக் கழி. ஒருநாள் விடிந்து பார்த்தால் அது உன் பக்கம் பத்தடி தள்ளி நின்றது. "நீதாண்டி புடுங்கி நட்ட" என்றாய். "எங்கம்மா மேல சத்தியமா நான் தொடல" என்றேன். நீ விடுகிற ஆளா? ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டினாய். கரை முழுவதையும் கயிறு போட்டு அளந்து, வடக்கிலிருந்து தெற்குவரை எந்தப் பெண்ணுக்கு எவ்வளவு இடம் என்று பெயர் போட்டு எழுதி, எல்லாரும் கைநாட்டு வைத்தார்கள். கழி பழைய இடத்துக்கே போனது. நான் மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

மூன்று வருஷம் நீ என்னோடு பேசவில்லை. என் மகளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு வந்து நின்றாய். அதோடு சண்டை முடிந்தது. கழியைப் பற்றி மட்டும் அப்புறம் நாம் இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை.

சர்வேக்காரர்கள் வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. ஒரு கம்பெனி நம் கரையை ஒட்டிக் கடலில் மண் கொட்டி மேடாக்கி, சரக்குக் கிடங்கு கட்ட அனுமதி கேட்டிருந்தது. அதற்காக அளக்க வந்தவர்கள், பார்த்துப் பார்த்து மாசி மகத்துக்கு முதல்நாள் வந்து சேர்ந்தார்கள். சாமிகள் தீர்த்தவாரிக்கு இறங்குகிற கரை. படகுகளை வடக்கே தள்ளி, வலை, பாய், கழி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒரு செதில்கூட இல்லாமல் பெருக்குவதுதானே நம் வழக்கம்? அதற்கு மேஸ்திரி நீ. "ஏய் செல்வி, அந்த மூலையில செதிலு கெடக்குது பாரு. சாமி தூக்கிக்கினு வர்றவங்க கால்ல குத்தணுமா?" என்று கத்திக்கொண்டே சர்வேக்காரர்களுக்கு மோர் வேறு ஊற்றிக் கொடுத்தாய். குடித்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

அறிக்கை வந்தபோது நம் கரைக்கு நேராக 'பயன்பாட்டில் இல்லாத மணல்வெளி' என்று இருந்தது. மீனவர்கள் படகு நிறுத்துகிற இடம், மீன் காயவைக்கிற இடம் எல்லாவற்றையும் வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை என்று எழுதிவிட்டால் அப்புறம் மண் லாரி வரவேண்டியதுதான் பாக்கி.

அதற்குப் பிறகு நீ துடைப்பத்தைத் தொடவே இல்லை. "நானே பெருக்கி வாரிக் குடுத்துட்டேனேடி. இனிமே இந்தக் கரையில நான் துடைப்பம் எடுக்க மாட்டேன்" என்றாய். ஆவணியில் போய்ச் சேரும்வரை உனக்கு அதே பேஜாருதான். இன்னும் கொஞ்சம் நாள் இருந்திருக்கக் கூடாதா அண்ணி?

ஐப்பசியில் மரக்காணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். அதற்கு நாலு நாள் முன்னால் அண்ணன் உன் பெட்டியைத் திறந்து சேலைகளை எடுத்தபோது, அடியில் அந்தப் பஞ்சாயத்து எழுத்து. என்னை ஜெயித்த காகிதமாச்சே, தூக்கிப் போடுவாயா நீ?

அதைக் கொண்டுபோய் மேடையில் கொடுத்தேன். அதிகாரி அம்மா மைக்கிலேயே படித்தார். "செல்வி என்பவர் கழியைப் பிடுங்கிப் பத்தடி தள்ளி நட்டதாக அஞ்சலை புகார். செல்வி மறுக்கிறார்." கம்பெனிக்காரர் உடனே எழுந்துவிட்டார்.

"மேடம், அந்தப் புகாரையே அந்தம்மா மறுத்திருக்காங்க. நடக்காத சண்டைக்கு எழுதின பேப்பர வச்சிக்கினு எப்படி நம்பறது?"

"செல்விங்கறது யாரு?" என்று கேட்டார் அதிகாரி அம்மா.

"நாந்தாங்க."

"இதுல இருக்கறது நெஜமாம்மா? அங்க கழி இருந்துச்சா?"

ஊரே உட்கார்ந்திருக்கிறது. முன் வரிசையில் அண்ணன். இத்தனை வருஷம் ஒரு பொய்யைக் கட்டிக் காத்திருக்கிறேன். இல்லை என்று சொன்னால் என் மானம் நிற்கும், மணல் போய்விடும்.

"இருந்துச்சுங்க. நாந்தான் புடுங்கி நட்டேன். எங்க அண்ணி சொன்னது அத்தினியும் நெஜம். அந்த வருசம் நெத்திலி அள்ளிக்கினு வந்துச்சு, காயப்போட எடம் பத்தல. அங்க எடமே இல்லன்னா நான் எதுக்குங்க எங்க அண்ணிகிட்ட திருடப் போறேன்?"

மண்டபமே சிரித்தது. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதிகாரி அம்மாவும் சிரித்துவிட்டு, "பதிவு பண்ணிக்கோங்க" என்றார். பிறகு காகிதத்தில் இருந்த பெயரை வரிசையாகப் படிக்க, நம் பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து தன் இடத்தைச் சொன்னார்கள். உன் பெயர் வந்தபோது யாரும் எழவில்லை. நான் இரண்டாவது தடவை எழுந்து நின்றேன்.

அப்புறம் அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாதாரண நாளில் பார்க்க வந்தார்கள். படகு, வலை, கருவாடு, காக்கா, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. ஒருத்தர் மூக்கைப் பொத்திக்கொண்டே எழுதினார். இப்போது வரைபடத்தில் நம் கரைமேல் கோடு போட்டு, மீனவர் பயன்பாட்டு இடம் என்று எழுதியிருக்கிறார்கள். கம்பெனியின் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாளைக்கு வேறு பெயரில் வருவார்களோ என்னவோ. வரட்டும், பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு எனக்கு வயிறு நிறைந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் நீ சொல்லாமலே போய்விட்டாய். வருஷா வருஷம் மகம் முடிந்து கழியைத் திரும்ப நடுவது நான்தான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, மறுபடியும் பத்தடி உன் பக்கம் வந்துவிட்டேன். நீ எதிரிலேயே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டு பார்த்தாய். ஏன் அண்ணி ஒரு வார்த்தை கேட்கவில்லை?

மரக்காணம் வண்டி வந்துவிட்டது, ஜல்தியாக முடிக்கிறேன். வருகிற மாசி மகத்துக்கும் கரையைப் பெருக்குவோம். ஆபீசுக்குப் பயந்து சாமிக்குக் குப்பையை வைக்க முடியுமா? பெருக்குவதற்கு முன்னால் படகோடும் வலையோடும் போட்டோ எடுத்துக் கொடுத்துவிடுவேன். உன் துடைப்பம் என்னிடம்தான் இருக்கிறது. முதலில் உன் இடம், பிறகுதான் என் இடம். மகம் முடிந்ததும் கழியைப் பத்தடி பின்னால் என் பக்கம் நடுவேன். உன் மருமகள் அங்கே கருவாடு போடட்டும். எங்கம்மா மேல் சத்தியம். இந்தத் தடவை நிஜமான சத்தியம்.

இப்படிக்கு,
கழியைப் பிடுங்கி நட்ட உன் நாத்தனார்,
செல்வி