வீட்டுக்குள் போட்ட அரைப் பேர்

மிஸ்,

ஹட்டனில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் கடை வைத்திருக்கிறார். இன்று சுருட்டு வாங்கப் போனவன், பனங்கட்டி வாசனையில் அப்படியே நின்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வெறும் தேத்தண்ணியோடு கடிக்க ஆளுக்கொரு துண்டு தருவீர்களே, அதே வாசனை. உங்கள் ஊரையும் உத்தியோகத்தையும் சொல்லி, சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டேன். "அந்த மிஸ்ஸோ? அவ காலமாகி ஒரு வருசமாகுதே. உங்களுக்குத் தெரியாதோ?" என்றார்.

சுருட்டை மறந்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். இல்லாதவருக்கு எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

உங்களை நான் விரும்பி வந்து பார்க்கவில்லை. நீதவான் அனுப்பினார். எட்டு வயதான என் மூத்த மகள் வீட்டைவிட்டுப் போய், நல்லதண்ணியில் மலை யாத்திரைக்காரர்களுக்குப் போடுகிற சீசன் கடை ஒன்றில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். பொலிஸ் பிடித்துச் சிறுவர் இல்லத்தில் விட்டது. நன்னடத்தை அலுவலரான நீங்கள் "அனுப்பலாம்" என்று எழுதினால்தான் அவள் வீட்டுக்கு வருவாள். அதுவரை, பிள்ளைகளைப் பறிகொடுத்த எங்களைப் போன்றவர்கள் ஞாயிறுதோறும், வேலைக்குப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் உங்கள் முன்னால் உட்கார வேண்டும். தொங்குகிற ஏணைகளுக்குக் கீழே மீசை வைத்த நாங்கள் சப்பணம் போட்டு உட்கார்ந்தோம். மூன்று பிள்ளை பெற்றவன் பிள்ளை வளர்க்கப் பள்ளிக்கூடம் போகிறான் என்று எங்கள் லயத்து வீட்டு வரிசையே சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

"விடிஞ்சதும் உங்கட வீட்டில என்ன நடக்கும்? சொல்லுங்கோ" என்று ஒரு நாள் கேட்டீர்கள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தேயிலை மலையில் என்னை ஏசாத ஆள் கிடையாது. கங்காணி ஏசுவார், அவருக்கு மேலே வேலை வாங்குகிற கண்டாக்கையா ஏசுவார், துரையின் நாய்கூடக் குரைக்கும். அதனால் வீட்டில் நான்தான் கண்டாக்கையா. விடிந்ததும், மலையில் ஆள் எண்ணுகிற மாதிரியே வாசலில் பெரட்டு வைப்பேன். மூன்று பிள்ளைகளும் வரிசையில் நிற்க, உனக்குத் தண்ணீர், உனக்கு விறகு என்று வேலை பிரிப்பேன். மலையில் கொழுந்து நிறை குறைந்தால் அரைநாள் சம்பளம்தான். அதை அரைப் பேர் என்போம். என் வீட்டில் விறகு குறைந்தால் அரை ரொட்டி.

கூட்டத்தில் என்னோடு இருந்த, தோட்டத்தின் பக்கத்து டிவிஷன்காரர் தொடையைத் தட்டினார். "என்னப்பா, பேர் போடுற செக்ரோலும் வச்சிருக்கியா?"

"எல்லாம் மண்டைக்குள்ளயே இருக்குண்ணே!"

சிரிப்பில் காம்பராவே அதிர்ந்தது. நீங்கள் மட்டும் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டீர்கள். கூப்பனுக்குக் கிடைக்கிற மா போதாத காலம் அது. ஆனால் மாவை மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் செய்தேன் என்றால் அது பொய். எனக்கு அது விளையாட்டாக இருந்தது, மிஸ்.

பிறகு ஒரு ஞாயிறு இல்லத்திலிருந்து பிள்ளைகளை அழைத்து வந்தீர்கள். அன்றைக்கே மகளை அனுப்பிவிடுவீர்கள் என்று நம்பிப் புதுச் சட்டையோடு வந்திருந்தேன். அவளை மடியருகில் நிறுத்தி, "பிள்ளை, அப்பாவோட வீட்ட போக விருப்பமோ?" என்றீர்கள்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு உங்களைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "அங்க போனா எனக்கு முழுப் பேரா மிஸ், அரைப் பேரா? கடைக்கார மாமா முழு ரொட்டி குடுத்தாரு."

யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து டிவிஷன்காரர் தரையைப் பார்த்தார். பசியாற்றத்தான் என் மகள் அத்தனை தூரம் போயிருக்கிறாள் என்பது, அவ்வளவு நாள் கூட்டத்துக்கு வந்த என் மண்டையில் அன்றைக்குத்தான் ஏறியது.

"இண்டைக்கு வேண்டாம்" என்றீர்கள்.

வாயில் வந்ததைக் கொட்டினேன். "கல்யாணமே கட்டாத உங்களுக்குப் பிள்ளையப் பத்தி என்னங்க தெரியும்?"

"ஒண்டும் தெரியாதுதான். அதாலதான் பிள்ளையைக் கேட்டனான்."

அதற்குப் பிறகு நீங்கள் எனக்குத் தந்த வேலை ஒன்றே ஒன்று. மாதம் ஒரு முறை ரொட்டி சுட்டுக்கொண்டு இல்லத்துக்குப் போய், அவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். "வேலை கேக்கக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது. சாப்பிடுங்கோ, அவ்வளவுதான்." அது தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. "பாடம் படிச்சியா" என்று கேட்க நாக்கு துடிக்கும். வாய் நிறைய ரொட்டியை அடைத்துக்கொள்வேன். ஒரு நாள் விக்கல் எடுத்தது. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சிரித்தாள். அதை உங்களிடம் சொன்னபோது நீங்களும் சிரித்தீர்கள். அடுத்த சீசன் தொடங்குமுன் அவளை வீட்டுக்கு அனுப்பிவைத்தீர்கள்.

இன்று அவள் என்னைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறாள். அடுப்புக்குப் பக்கத்தில் நாங்கள் எல்லோரும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். ரொட்டி நிறைய இருக்கும். ஆனாலும் இரண்டாவது ரொட்டிக்குக் கை நீட்டுமுன் அவள் கண் ஒருமுறை என் முகத்துக்கு வந்து போகிறது. அது அவளுக்கே தெரியாது. எனக்கு ஒவ்வொரு முறையும் தூக்கிவாரிப்போடும்.

அதனால், அவள் ஒரு ரொட்டியை முடிக்கும்போது விறகைத் தள்ளிவிடுகிற சாக்கில் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அவள் எடுத்துக் கடிக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் இந்தப் பக்கம் திரும்புவேன்.