மடக்குத் துப்பாக்கிக்கு ஒரு பெட்டி

பாய்சி,
நவம்பர் 9

அன்புள்ள வெர்ன் அண்ணாவுக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். மலைப்பாதையில் பனி கொட்டியது, நடுரோட்டில் மான்கள் வேறு. நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் கத்திக்கொள்கிறோம் என்று தம்பி லோவெல் சொன்னான் இல்லையா, அதனால்தான் கடிதம். எப்படியும் உன் பள்ளத்தாக்கில் பாதிப் பேச்சு காற்றோடு போய்விடும்.

லோவெலை உன்னிடம் விட்டுவிட்டு வர எனக்கு மனதே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வீட்டுக்குத்தான் கூட்டி வந்திருக்க வேண்டும். கர்ட் முடியாது என்றார், நானும் வாயை மூடிக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் வெட்கப்பட்ட நாள் அது.

அண்ணா, உன்னை எனக்குத் தெரியும். அவன் இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட்டு மாட்டுக்குத் தீனி போட்டால், "பையன் தேறிட்டான்" என்று சொல்லிவிடுவாய். அவன் சாக நினைத்தவன் என்பதை மறந்துவிடாதே. டாக்டர் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: அவன் கைக்கு எட்டும் இடத்தில் துப்பாக்கி இருக்கக் கூடாது.

வேட்டைத் துப்பாக்கிகளையெல்லாம் பக்கத்துப் பண்ணை கஸ் வீட்டில் கொண்டுபோய் வைத்தாய். அதற்கு நன்றி. அந்த மடக்குக் கார்பைன் துப்பாக்கியை மட்டும் விட மாட்டேன் என்று அடம்பிடித்தாய். மலைச்சிங்கம் கன்றை இழுத்துப்போகும், ஷெரீப் வந்துசேர ஒரு மணி நேரமாகும் என்றாய். சரி. அதனால்தான் நானே இரும்புப் பெட்டி வாங்கிவந்து, உன் கட்டிலுக்கு அடியில் தரையோடு திருகி இறுக்கினேன். துப்பாக்கியை இரண்டாக மடித்தால் அதற்குள் கச்சிதமாக உட்காருகிறது. பூட்டின் எண் உனக்கு மட்டும்தான் தெரியும். உன் கையில் இல்லாத நேரமெல்லாம் அது அந்தப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். இதைத் தவிர நான் உன்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

அன்புடன்,
உன் தங்கை மார்லா


சாலிஸ்,
டிசம்பர் 14

அன்புத் தங்கைக்கு,

உன் கட்டளைகள் வந்து சேர்ந்தன. பெட்டி பத்திரம், துப்பாக்கி பத்திரம், தம்பி பத்திரம். போதுமா?

இப்போது நல்ல சேதி கேள். மூன்று வாரமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் எழுந்துவிட்டான். எதனால் என்று சொன்னால் நீ முகத்தைச் சுளிப்பாய். ஒரு நாள் கொட்டகைக்குப் பின்னால் காலி டப்பாக்களைச் சுட்டுவிட்டு வந்து, இந்தத் துப்பாக்கியின் அடிக்கட்டை ஒவ்வொரு தடவையும் கன்ன எலும்பில் இடிக்கிறது என்று புலம்பினேன். உள்ளேயிருந்து வந்து கையில் வாங்கிப் பார்த்தான்.

"அண்ணே, இது துப்பாக்கியா, தண்ணிக் குழாயா? இதுக்கா காசு குடுத்தே?"

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் அது சமையலறை மேஜைமேல் துண்டு துண்டாகக் கிடந்தது. மரம் அறுக்கும் ஆலையில் இயந்திரம் பழுதுபார்த்த கை அல்லவா, சும்மா இருக்குமா? கிழிந்த சேணத்திலிருந்து தோலை வெட்டி, கன்னம் படுகிற இடத்தில் மெத்தை தைத்துவிட்டான். முன்னால் கை பிடிக்கிற பிளாஸ்டிக்கைத் தூக்கி எறிந்துவிட்டு அலுமினியம் போட்டிருக்கிறோம். நிறம்கூட அவன் யோசனைதான். சேஜ் புதரிலிருந்து ஒரு குச்சியை ஒடித்துவந்து துப்பாக்கிமேல் வைத்துப் பெயிண்டை அடித்தான். குச்சியை எடுத்தால் இலை இலையாக நிழல் விழுந்திருக்கிறது. புதருக்குள் போட்டால் நானே தேடித்தான் எடுக்க வேண்டும். பெயிண்ட் இறுகட்டும் என்று என் ரொட்டி அடுப்பில் வைத்துச் சுட்டான். அன்றைக்கு அதே அடுப்பில் வெந்த இறைச்சி, பெயிண்ட் கடையை நக்கினது போல இருந்தது. அவன் சிரித்த சிரிப்பில் நாய் பயந்து மேஜைக்கு அடியில் போய்விட்டது.

மார்லா, அவன் சிரித்தான். நீ பார்த்திருக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறேன். நீ நிம்மதியாகத் தூங்கு.

அண்ணன்,
வெர்ன்


பாய்சி,
ஜனவரி 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

அவன் சிரித்தான் என்று நீ எழுதியதை முதியோர் இல்லத்துச் சமையலறையில் நின்றுகொண்டே படித்தேன். அழுதுவிட்டேன். கூட வேலை செய்கிறவள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

ஆனாலும் கேட்கிறேன், சேர்ந்து பழுதுபார்க்க உங்களுக்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா? உன் டிராக்டர் போன வசந்தத்திலிருந்து கிளம்பாமல் நிற்கிறதே? குறை சொல்கிறேன் என்று கோபப்படாதே. அவன் கையில் வேலை இருப்பது எனக்கும் சந்தோஷம்தான். ஒவ்வொன்றையும் மாற்றி முடித்ததும் அது மடிகிறதா, பெட்டி மூடுகிறதா என்று பார்த்துவிடு.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, சாக்லேட் மிட்டாய் ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். மிட்டாய் அவனுக்கு. நீ பாதியைத் தின்றுவிட்டு எலி தின்றது என்று சொல்லாதே.

மார்லா


சாலிஸ்,
பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

எலிக்கு மிட்டாய் பிடித்திருந்தது.

இந்த மாதத் தொடக்கத்தில் என் பிறந்தநாள். நான் மறந்துவிட்டேன், லோவெல் மறக்கவில்லை. தன் சொந்தக் காசில் தபாலில் வரவழைத்து ஒரு பரிசு தந்தான். துப்பாக்கிமேல் மாட்டுகிற குறிபார்க்கும் கண்ணாடி. சின்ன ஜன்னல் போல இருக்கிறது. உள்ளே பார்த்தால் சிவப்பாக ஒரு புள்ளி. புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கே தோட்டா. என் வயதுக் கண்ணுக்கு இதைவிட நல்ல பரிசு யாரும் தர முடியாது. இரண்டு பேரும் சரளைக்குழிக்குப் போய் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து குறியை நேர்ப்படுத்தினோம். கடைசியில் ஐம்பது கஜத்தில் காபி டப்பா மூடியில் போட்ட ஓட்டைகளை ஒரு காசால் மூடிவிடலாம்.

ஒரே ஒரு தொந்தரவு. அந்தத் துப்பாக்கி மேல்பக்கமாகத்தான் மடியும். கண்ணாடி மேலே உட்கார்ந்திருப்பதால் பாதியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு வாரம் தினமும் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, பெட்டிக்குள் வைத்தேன். ஆனால் ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் குறி நகர்ந்துவிடுகிறது, மறுபடி முதலிலிருந்து. தம்பி நேர்ப்படுத்தித் தந்ததைத் தினமும் கலைக்க எனக்கு மனம் வரவில்லை. கண்ணாடியைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டு மடிக்கிற மாதிரி ஒரு சுழல்பிடி கிடைக்கிறதாம். ஆர்டர் போட்டிருக்கிறேன். கையிருப்பு இல்லை, கொஞ்ச நாளாகும் என்கிறார்கள். அதுவரை போர்வையில் சுற்றி என் அலமாரிமேல் வைத்திருக்கிறேன். தோட்டா தனியாக இழுப்பறையில் இருக்கிறது. கவலைப்படாதே.

வெர்ன்


பாய்சி,
பிப்ரவரி 27

அண்ணா,

கண்ணாடியைக் கழற்று. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் கழற்றி, மடித்து, பெட்டிக்குள் வை. குறி கலைந்தால் கலையட்டும். மலைச்சிங்கத்துக்குக் காபி டப்பா மூடியளவு குறி எதற்கு?

கழற்ற மாட்டேன் என்றால் அதையும் கஸ் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

மார்லா


சாலிஸ்,
மார்ச் 15

தங்கைக்கு,

நீ அங்கே உட்கார்ந்துகொண்டு உத்தரவு போடுகிறாய். இங்கே அவனோடு இருக்கிறவன் நான். காலையில் எனக்கு முன்னால் எழுந்து காபி போடுகிறான். நேற்று முகம் மழித்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனான். கன்று போட முடியாமல் தவித்த பசுவுக்கு முழங்கை வரை கையை விட்டுக் கன்றை வெளியே இழுத்தான். அவன் வாங்கித் தந்த பொருளை அவன் கண்முன்னாலேயே கழற்றிப் பூட்டி வைத்தால், "உன்னை நான் நம்பவில்லை" என்று முகத்தில் அடித்த மாதிரி ஆகாதா? ஜெயில் வார்டனாக இருக்க என்னால் முடியாது.

சுழல்பிடி இந்த மாதக் கடைசியில் வந்துவிடும். அப்புறம் உன் பெட்டியும் மூடும், உன் வாயும் மூடும்.

வெர்ன்


பாய்சி,
ஏப்ரல் 6

வெர்ன்,

லோவெல் என்னோடு இருக்கிறான். உயிரோடு இருக்கிறான். உன் போனில் நான் விட்டுவைத்த செய்தியைக் கேட்டிருப்பாய், ஆனாலும் எழுதுகிறேன். நீ மாட்டு ஏலத்துக்குப் போயிருந்தாய், அங்கே நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது.

நீ மாட்டு லாரியில் கிளம்பிப் போனதும் அவன் அலமாரிமேல் இருந்த போர்வையைப் பிரித்திருக்கிறான். இழுப்பறையைத் திறந்திருக்கிறான். உன் வண்டியை எடுத்துக்கொண்டு சரளைக்குழிக்குப் போயிருக்கிறான். நீங்கள் இரண்டு பேரும் குறியை நேர்ப்படுத்தின அதே இடம். கஸ் வைக்கோல் ஏற்றிக்கொண்டு அந்த வழியாக வந்தவர், உன் வண்டி நிற்பதைப் பார்த்து, நீதான் என்று நினைத்து ஓரமாக நிறுத்தினார். உன்னைக் கிண்டல் பண்ணத்தான் இறங்கினாராம்.

மடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததும் கஸ் கேட்டாராம், "தம்பி, நான் கொஞ்சம் பக்கத்துல உக்காரட்டுமா?" அவ்வளவுதான் கேட்டாராம். வைக்கோலைப் பற்றிப் பேசினார், அவருடைய மூட்டு வலியைப் பற்றிப் பேசினார். பொழுது சாயும் நேரத்தில் லோவெல் அதை அவரிடம் கொடுத்துவிட்டான்.

கஸ் போன் பண்ணினதும் நான் அன்றைக்கே வண்டி ஓட்டிப் போய் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். கர்ட்டிடம் சொல்லிவிட்டேன்: இவன் இங்கேதான் இருப்பான், முடியாது என்றால் நீங்கள் வேறு இடம் பாருங்கள். இதை நவம்பரிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மார்லா


சாலிஸ்,
ஏப்ரல் 14

மார்லா,

எல்லாப் பழியையும் என் தலையில் கட்டிவிட்டாய். அந்தச் சுழல்பிடி இரண்டே வாரம் தாமதம். மார்ச் கடைசியில் அனுப்புகிறோம் என்றவன் ஏப்ரலுக்குத் தள்ளிவிட்டான். பிடி நேரத்துக்கு வந்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது. அந்தக் கண்ணாடியை நானா கேட்டு வாங்கினேன்? அவன்தான் வாங்கித் தந்தான்.

அவனை ஐந்து மாதம் என் மேஜையில் உட்காரவைத்துச் சோறு போட்டேன். எழுப்பினேன், சிரிக்கவைத்தேன். நீ என்ன செய்தாய்? ஒரு பெட்டி வாங்கித் தந்தாய். முதல் நாளே அவனுக்குக் கதவைச் சாத்தியது யார் வீடு என்று கொஞ்சம் யோசித்துப் பார்.

அவன் கையால் எனக்கு இரண்டு வரி எழுதச் சொல்.

வெர்ன்


பாய்சி,
மே 2

வெர்ன்,

கதவைச் சாத்தியது என் வீடுதான். அதைச் சொல்ல உனக்கு உரிமை உண்டு.

உன் கடிதத்தை லோவெலிடம் காட்டினேன். எழுத மாட்டேன் என்றான். ஆனால் பாத்திரம் துடைத்துக்கொண்டே அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, அந்தக் கண்ணாடிய ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே நான் எல்லாத்தையும் அளந்து பாத்துட்டேன். மாட்டினா மடியாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். எடுக்கணும்னுதான் வாங்கினேனா, அண்ணன் பூட்டறானான்னு பாக்க வாங்கினேனா, சத்தியமா எனக்கே தெரியல. மொத வாரம் தினமும் கழட்டி உள்ள வெச்சுப் பூட்டினான். அந்த ஒரு வாரம் நான் நல்லாத் தூங்கினேங்கா. அப்புறம் ஒரு நாள், 'குறி கலைஞ்சிடும்டா'ன்னு போர்வையில சுத்தி மேல வெச்சுட்டான். என்னை நம்பி வெச்சதா எழுதியிருக்கானா? நம்பிக்கையெல்லாம் இல்லக்கா. அவனுக்கு அது நேரா சுடணும், அவ்வளவுதான்."

இதைச் சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் உனக்காக இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

கஸ் அந்தத் துப்பாக்கியை உன்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாராம், நீ போய்க் கேட்டு வாங்கினாயாம். கேள்விப்பட்டேன்.

இனிமேல் எனக்கு எழுதாதே. அவனுக்கும் எழுதாதே. வருகிற கடிதத்தை நான் பிரிக்கப்போவதில்லை.

மார்லா


சாலிஸ்,
ஜூன் 11

அன்புத் தங்கைக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். பிரிக்காமல் போட்டுவிட்டால் போடு.

ஏப்ரல் ஜூனாகி, ஒருவழியாகச் சுழல்பிடி வந்துவிட்டது. நேற்றுத்தான் மாட்டினேன். தம்பி இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று, ஒரு திருகாணி அடுப்புக்கு அடியில் உருண்டுபோய்விட்டது. ஆனால் நன்றாக வேலை செய்கிறது. கண்ணாடியைப் பக்கவாட்டில் ஒரு திருப்பு, பிறகு துப்பாக்கி சத்தமில்லாமல் மடிகிறது. விரித்துத் திருப்பினால் புள்ளி பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. சரளைக்குழிக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்த்தேன். கஸ்ஸைக் கூப்பிட்டேன், வரவில்லை. இப்போதெல்லாம் ரோட்டில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

கன்னத்தில் அவன் தைத்த தோல் படும்போது சேணத்து வாசனை வருகிறது. அவன் சொன்னது நிஜமில்லை, மார்லா. எனக்கு அவன்தான் முக்கியம். துப்பாக்கியைப் பார்த்தால் அவன் ஞாபகம் வருகிறது, அதனால்தான் கஸ்ஸிடம் போய்க் கேட்டு வாங்கினேன். இதைச் சொன்னால் அவன் நம்ப மாட்டான், எனக்குத் தெரியும். நீயும் நம்ப மாட்டாய்.

இப்போது தினமும் சாயங்காலம் மாட்டைக் கட்டிவிட்டு வந்ததும் மடித்து, உன் பெட்டிக்குள் வைத்து, பூட்டிவிடுகிறேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. பூட்டின் எண்ணையும் மாற்றிவிட்டேன். பூட்டிவிட்டுக் கைப்பிடியை இழுத்துப் பார்க்கிறேன். அப்புறம் வந்து மேஜையில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுகிறேன். இந்த வீட்டில் யாருக்காக அதைப் பூட்டுகிறேன் என்று என்னைக் கேட்காதே.

தம்பியிடம் வேறெதுவும் சொல்ல வேண்டாம். பெட்டி மூடுகிறது என்று மட்டும் சொல்.

அண்ணன்,
வெர்ன்