முந்நூறு பேர் தாங்கும்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம். வீடும் நலம் என்று எழுத வந்தேன், ஆனால் இப்போதெல்லாம் அதை வீடு என்று சொன்னால் செயலாளர் முகம் சுளிக்கிறார். பண்பாட்டு மையம் என்று சொல்ல வேண்டுமாம். அப்பா குளித்த அறைதான் அவருடைய அலுவலகம். அங்கே உட்கார்ந்துகொண்டு அவர் என்னை அதட்டும்போதெல்லாம் சிரிப்பை அடக்கப் படாத பாடு படுகிறேன்.

கீழ்க்கூடத்தில் நூலகம் வந்துவிட்டது. சாப்பாட்டு அறையில் தையல் வகுப்பு. நீயும் நானும் மயிரைப் பிடித்துச் சண்டை போட்ட அறையில் யார் பெற்ற பிள்ளைகளோ உட்கார்ந்து படம் வரைகின்றன. பின்பக்கம் எனக்கு இரண்டு அறை. சாவிக்கொத்து இன்னும் என் இடுப்பில்தான். பழசு என்று இடித்திருந்தால் நான் எங்கே போயிருப்பேன்? நீ கொடுத்த சான்றிதழால்தான் வீடு தப்பியது. அதைக் கண்ணாடி போட்டு அலுவலகத்தில் மாட்டியிருக்கிறார்கள். “மாடிக் கூடம் முந்நூறு பேர் தாங்கும்” என்று எழுதி, கீழே உன் கையெழுத்து. வருகிறவர்களிடம் என் தம்பி இன்ஜினியர் என்று காட்டாமல் விடுவதில்லை.

மாடியில் புதிதாக நடன வகுப்பு. வாரம் மூன்று நாள், தொண்ணூறு குழந்தைகள். மே பதினொன்று ஆண்டு விழா, அதுவும் மாடியில்தான். முந்நூறு நாற்காலிக்குச் சொல்லியாகிவிட்டது.

ஒரு சின்னத் தொல்லை. மாடிக் கூடத்துக் கதவு பிடிக்கிறது. தச்சர் இரண்டு தடவை இழைத்துக் கொடுத்தார், மறுபடியும் பிடிக்கிறது. போன வருஷம் கீழ்க்கூடத்துக் கூரைக்கு அடியில் இருக்கும் மேற்பலகைகளைக் கழற்றி வார்னிஷ் அடித்துக் கொடுத்தாரே, அதே தச்சர். “கதவு வளரலக்கா, நிலைதான் இறங்குது” என்கிறார். நடனம் நடந்த மறுநாள் நூலக மேஜையில் வெள்ளையாகப் பொடி வேறு. துடைத்துத் துடைத்து நூலகப் பெண்ணுக்குக் கை வலிக்கிறதாம்.

போன் பண்ணாதே. இடது காது முழுதாகப் போய்விட்டது, வலதில் மெஷின் வைத்தால் பாதி கேட்கும். ஆகவே எழுது. மூன்று மாதமாக ஒரு வரி கிடையாது. அவ்வளவு பெரிய மனிதனாகிவிட்டாயா?

அன்புடன்,
அக்கா

மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. திட்டு வாங்கிக்கொண்டேன். வேலை அதிகம், வேறொன்றும் இல்லை. பிள்ளைகள் நலம். உன் மெஷினுக்கு நல்ல பேட்டரி இங்கே கிடைக்கிறது, அனுப்புகிறேன்.

நடன வகுப்பைக் கீழே மாற்ற முடியாதா? குழந்தைகள் மாடிப்படியில் ஏறி இறங்குவது ஆபத்து, அதற்காகச் சொல்கிறேன். விழாவையும் முற்றத்தில் வைத்தால் காற்றோட்டமாக இருக்கும்.

கதவு எந்த மூலையில் பிடிக்கிறது? ஜன்னல் பக்கமா, படிக்கட்டுப் பக்கமா? பொடி எல்லா மேஜையிலும் விழுகிறதா, ஒரே நேர்கோட்டில் விழுகிறதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். தொழில் புத்தி போகாது.

உடனே எழுது.

உன் தம்பி

ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

‘உடனே எழுது’ என்று நீ கேட்டது இந்த ஜென்மத்தில் இதுதான் முதல் தடவை. அதனால் ஒழுங்காகப் பார்த்து எழுதுகிறேன்.

கதவு படிக்கட்டுப் பக்கத்து மேல் மூலையில் பிடிக்கிறது. பொடி எல்லா மேஜையிலும் இல்லை. நடுவில் இருக்கும் இரண்டு மேஜையில்தான், சுண்ணாம்புக் கோடு கிழித்தது போல நேராக.

செயலாளரிடம் வகுப்பை மாற்றலாமா என்றேன். “உங்க தம்பியே முந்நூறு பேர் தாங்கும்னு எழுதிக் கொடுத்திருக்காரு. தொண்ணூறு குழந்தைங்களுக்கு ஏன்க்கா பயப்படுறீங்க?” என்றார். நானும் பெருமையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆனால் நூலகப் பெண் நேற்று என் கையைப் பிடித்து நடு மேஜைக்கு இழுத்துப் போனாள். மேலே குழந்தைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். என் மெஷினுக்குப் பக்கத்தில் குனிந்து, “கேக்குதாக்கா? யாரோ ஈரத் துணியைப் பிழியற மாதிரி இருக்கு” என்றாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. எலியாக இருக்கும் என்றேன். “எலி தாளத்துக்குப் பிழியுமாக்கா?” என்றாள். மேஜையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். குழந்தைகள் மிதிக்கும்போது அதிர்ந்தது, அது சரி. அவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டே இருந்தது.

தம்பி, சின்ன வயதில் நீ எதையாவது உடைத்துவிட்டால் இப்படித்தான் கேள்வி கேட்பாய். “அந்த ஜாடி எங்கேக்கா இருக்கும்?” என்பாய். உனக்கு என்ன தெரியும்? தெரிந்ததைச் சொல்.

அக்கா

ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

பயப்படாதே. வெயில் காலத்தில் பழைய மரம் சுருங்கும், சத்தம் வரும். பொடியும் விழும். எல்லாப் பழைய வீடுகளிலும் உண்டு.

இருந்தாலும் விழாவை மாடியில் வைக்க வேண்டாம். நீ சொன்னதாகவே சொல். உனக்குப் படியேற முடியவில்லை என்று சொல். என் பெயரை எடுக்க வேண்டாம். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்ட வேண்டாம்.

நடு மேஜைகளை மட்டும் சுவர் ஓரமாக நகர்த்திவிடு.

உன் தம்பி

ஏப்ரல் 27

தம்பிக்கு,

மேஜைகளை நகர்த்தினேன். நூலகப் பெண் ஏன் என்று கேட்கவில்லை. மறு முனையைத் தூக்கிக்கொண்டு என்னைவிட வேகமாக நகர்ந்தாள்.

எனக்குப் படியேற முடியவில்லை என்று செயலாளரிடம் சொன்னேன். “உங்களுக்குக் கீழேயே நாற்காலி போட்டுடறேன்க்கா, அங்க இருந்தே பாட்டு கேக்கும்” என்றார். எனக்கா பாட்டுக் கேட்கும்! எழுத்தில் ஏதாவது இருந்தால் குழுவில் வைக்கிறேன் என்கிறார். ஒரு வரி எழுது. ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்று ஒரே ஒரு வரி. அதற்கும் நேரமில்லை என்றால் அலுவலகத்துக்குப் போன் பண்ணு. எனக்குத்தான் காது கேட்காது, அவருக்கு நன்றாகக் கேட்கும்.

மேற்பலகையில் ஓர் இடத்தில் இடைவெளி விட்டிருக்கிறது. என் சுண்டு விரல் நுழையும். போன வாரம் நுழையவில்லை.

வகுப்பு நாட்களில் நான் நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. நான் பார்ப்பதால் அது விழாமல் இருக்கப் போகிறதா என்ன? ஆனாலும் அறையில் இருக்க முடியவில்லை. அந்தக் குழந்தைகளில் ஒன்று, முன்பல் இரண்டும் விழுந்த பெண், தினமும் படியேறும்போது எனக்குக் கையாட்டும். நானும் ஆட்டுகிறேன். ஆட்டிவிட்டு அது இறங்கி வரும்வரை எனக்கு உயிர் இல்லை.

மே பதினொன்று, மறந்துவிடாதே.

அக்கா

தந்தி
மே 10

மாடிக் கூடத்தில் ஒருவரையும் ஏற்றாதே. கீழேயும் நிற்கக் கூடாது. நூலகத்தைப் பூட்டு. கடிதம் வருகிறது. தம்பி.

மே 10

அக்கா,

தந்தி கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன். அது நாளைக்குள் உன் கையில் கிடைக்குமா என்று தபால் நிலையத்துப் பெண்ணிடம் மூன்று தடவை கேட்டேன். கிடைக்கலாம் என்றாள்.

கீழ்க்கூடத்து நடுவில் முன்பு இரண்டு தூண்கள் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். உன் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தோம். எங்கே உட்கார்ந்தாலும் மணமேடை தெரிய வேண்டும் என்று அப்பா ஆசைப்பட்டார். நான் அப்போதுதான் படித்து முடித்திருந்தேன். தூணுக்குப் பதிலாகச் சுவருக்குச் சுவர் ஓர் இரும்பு உத்தரம் வைத்தால் போதும் என்று சொன்னவன் நான்தான். அப்பா எல்லோரிடமும் “என் பையன் போட்ட கணக்கு” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

உத்தரம் அளவு குறைவாக வந்தது. நான் அளந்ததில் பிழை. படிக்கட்டுப் பக்கம் ஒரு முழம் சுவருக்குள் உட்கார வேண்டியது, நாலு விரற்கடைதான் உட்கார்ந்தது. வேறு வரவழைக்கலாம் என்றேன். “கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருக்கு, மூடிடு” என்றார் அப்பா. அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, பூசி, மேலே பலகை அடித்து மறைத்தோம். அப்போது மாடியில் நாம் நாலு பேர்தானே. நானும் மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன்.

வீட்டை மையத்துக்குக் கொடுக்கும்போது சான்றிதழ் கேட்டார்கள். உண்மையை எழுதியிருந்தால் இடித்திருப்பார்கள், நீ தெருவில் நின்றிருப்பாய். உனக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. இங்கே என் தொழில் உரிமம் போய்விடும், பிள்ளைகள் படிப்பு நின்றுவிடும். செயலாளருக்குப் போன் பண்ண இரண்டு தடவை எண்ணைச் சுழற்றினேன். மணி அடித்ததும் வைத்துவிட்டேன்.

இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. பழைய மரம் உளுத்துவிட்டது என்று சொல். அப்பா பெயரும் கெட வேண்டாம்.

நாளை என்ன ஆயிற்று என்று மட்டும் தந்தி கொடு. ஒரே வார்த்தை போதும்.

தம்பி

மே 30

தம்பிக்கு,

நீ கேட்ட தந்தியை நான் கொடுக்கவில்லை. இத்தனை நாள் நீ எப்படி இருந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுக்கவில்லை. இப்போது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

உன் தந்தி பதினொன்றாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு வந்தது. விழா ஐந்துக்கு. மாடியில் நாற்காலி போட்டு முடித்துவிட்டார்கள். குழந்தைகள் கன்னத்தில் சிவப்பைப் பூசிக்கொண்டு வராந்தாவில் வரிசையாக நின்றன. நான் நூலகத்தைப் பூட்டிவிட்டு, மாடிப்படியில் மூன்றாவது படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டேன்.

செயலாளர் ஓடி வந்தார். “என்னக்கா இது சின்னப்பிள்ளை மாதிரி? எழுந்திரிங்க.”

“யாரும் ஏறக் கூடாது. என் தம்பி தந்தி அடிச்சிருக்கான்.”

வாங்கிப் படித்தார். “காரணம் எதுவும் எழுதலையே. முந்நூறு பேர் தாங்கும்னு எழுதினதும் இவருதான், ஏத்தாதேன்னு எழுதறதும் இவருதான். நான் எதை நம்புறது?”

“பயந்து எழுதினதை நம்புங்க” என்றேன்.

அவர் தந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடன டீச்சர்தான் குழந்தைகள் பக்கம் திரும்பி, “வாங்க, நாம முற்றத்துல ஆடலாம்” என்றாள். நாற்காலி எடுக்கக்கூட யாரையும் மேலே விடவில்லை. வந்தவர்கள் மண்ணில் உட்கார்ந்து பார்த்தார்கள். சில பெற்றோர் என்னை வாய்க்கு வந்தபடி பேசினார்களாம். எனக்குக் கேட்கவில்லை, நல்லதாய்ப் போயிற்று. முடியும்வரை படியை விட்டு நான் எழவில்லை.

பதினாலாம் தேதி செயலாளர் எழுதிக் கேட்டதில் அரசாங்க இன்ஜினியர் வந்து பலகையைக் கழற்றினார். ஏணியில் ஏறினவர் ஏறின வேகத்திலேயே இறங்கி, சுவரை ஒட்டி நடந்து வெளியே வந்தார். “ரெண்டு விரல் அளவுதான் சுவத்துல நிக்குது. கீழே இருந்த கட்டை நசுங்கிப் போச்சு. முந்நூறு பேர் ஏறியிருந்தா ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டாங்க. இந்தப் பலகையில கடைசியா கைவெச்சது யாரு?” என்றார்.

எல்லோரும் தச்சரைச் சொன்னார்கள். வார்னிஷ் அடிக்கப் பலகையைக் கழற்றியபோது அவர்தான் எதையோ வெட்டிவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். பதினேழாம் தேதி காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு என்ன தெரியும், தந்தியில் காரணம் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் மனைவி வந்து என் அறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். “அவரு ஆணி அடிக்கறதுக்கு முன்னாடி கூட ரெண்டு தடவை யோசிப்பாருக்கா” என்றாள்.

இருபத்தொன்றாம் தேதி உன் கடிதம் வந்தது. நீ சொன்னபடி அடுப்பைப் பற்ற வைத்தேன். அதை மறைக்க மாட்டேன். கடிதத்தின் ஓரம் பழுப்பேறும்வரை கொண்டுபோனேன். எனக்கும் பயம்தான். இந்த இரண்டு அறையை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை. பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்க் கொடுத்துவிட்டேன். அங்கே ஒருவர் அதை உரக்கப் படித்தார். எனக்கு எப்படியோ ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

அன்று சாயங்காலமே தச்சரை விட்டுவிட்டார்கள். வழியில் என்னைப் பார்த்து நின்றார். “உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?” என்றார். சந்தேகம் இருந்தது என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மையத்தைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். தூண் வைத்துத் திருப்பிக் கட்டலாமா, இடிப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. நான் நூலகப் பெண் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். முதல் இரண்டு நாள் தரையில் கால் ஊன்றி நடக்கவே பயமாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை.

தூணை எடுத்ததற்காக நான் உன்மேல் கோபப்பட மாட்டேன். அது என் கல்யாணத்துக்காக. அளவு தப்பியதற்கும் இல்லை. சான்றிதழுக்குக்கூட, நீ சொல்லும் காரணத்தில் பாதி நான்தான். ஆனால் ஏப்ரல் பதினாறாம் தேதி, “மரம் சுருங்கும்” என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே மேஜையை நகர்த்தச் சொல்லி எழுதினாய். அப்போதே உனக்குத் தெரியும். அதிலிருந்து தந்தி வரும்வரை இருபத்தைந்து நாள். வகுப்புப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். அந்த இருபத்தைந்து நாளில் குழந்தைகள் பதினோரு தடவை மாடியில் ஆடியிருக்கின்றன. பதினோரு தடவையும் நான் கீழே உட்கார்ந்திருந்தேன். அதுவும் உனக்கு எழுதியிருந்தேன்.

இப்போதும் தூக்கத்தில் படிக்கட்டில் ஏறும் கால்களை எண்ணுகிறேன். இறங்கும்போது எண்ணிக்கை குறைகிறது. விழித்துவிடுகிறேன்.

ஜூன் இருபத்தாறாம் தேதி விசாரணை. உனக்கும் தாள் அனுப்பியிருக்கிறார்கள். வர முடியாது என்று எழுதிவிடலாம் என்று இங்கே ஒரு வக்கீல் சொல்கிறார். அது உன் பாடு.

நேற்றுச் செயலாளரைப் பார்த்தேன். இளைத்துப் போயிருக்கிறார். “உங்க தம்பி வருவாராக்கா?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். இத்தனை வருஷத்தில் உன்னைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

அக்கா