தாமரையைத் தரையிறக்கிய வருடம்

2024

மார்ச் 4, திங்கள்

கடையில் என்னோடு சமைக்கிற வாணி இன்று கேட்டுவிட்டாள். கீரை ஆய்ந்துகொண்டே, பாசாரில் விலை கேட்கிற மாதிரி. “அக்கா, ரிஷி முகத்த நீ கடைசியா பாத்தியா? பெட்டிய மூடியே வச்சிருந்தாங்களே.”

“பாத்தேன். உன் புருஷனவிட நல்லாத்தான் இருந்தான்” என்றேன்.

அதற்குப் பிறகு கடை சாத்துகிற வரை யாரும் என்னிடம் பேசவில்லை. நல்லது. பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள்கூட இப்போது என் முகத்தை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

நான் பார்க்கவில்லை. காட்டவில்லை. கேட்டதற்கு “வேணாம்மா” என்றார்கள்.

கிள்ளானில் வீட்டுக்கு வந்து, லிப்ட் வேலை செய்யாமல் படியேறி வந்தால், மகள் தாமரை அடுப்படியில் கையில் கரண்டியோடு நின்று இங்கிலீஷில் பேசிக்கொண்டிருக்கிறாள். பிளேன் ரேடியோவில் பேசிப் பழகுகிறாளாம். நான் யார், எங்கே இருக்கிறேன், எவ்வளவு உயரத்தில், எங்கே போகிறேன். அவள் அண்ணன் ரிஷி செத்த பிளேன். அதே மாதிரி பிளேனில் இவள் போவாளாம். ரசம் பொங்கி வழிந்தது. அதைப் பார்க்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

அவளைப் பிளேன் ஓட்டப் பழக்குகிற கிளப்பில் சேர்த்துவிட்டதே ரிஷிதான். அவன் அங்கே பறக்கச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். இவள் கவுண்டரில். சம்பளத்தில் பாதியைக் கழித்துக்கொண்டு அவளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். போன அக்டோபரில் அவன் போனான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே இவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். தலைகூட சரியாகக் காயவில்லை.

இன்று எனக்கு விளக்குகிறாள். நான் கேட்கவில்லை. மேசையில் இருந்த சாப்பாட்டு மூடியைக் கவிழ்த்து, “இந்த மூடிக்கு மேல எல்லாம் பெரிய பிளேனும்மா. நம்ம சின்னது எப்பவும் மூடிக்குக் கீழ. இதத் தாண்டி ஏறவே கூடாது. ஹைவே எப்பவும் நம்ம இடது கைப் பக்கம் இருக்கணும். எதிர்ல வரவனுக்கும் அப்படித்தான். அப்ப ரெண்டு பேரும் இடிச்சுக்க மாட்டோம். மழை மேகம் தூரத்துல இருக்கறப்பவே திரும்பிடணும், தலைக்கு மேல வந்தப்புறம் இல்ல” என்றாள்.

“இதெல்லாம் உங்கண்ணனுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்பறம் ஏன் செத்தான்?”

மூடியை எடுத்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். எனக்கு ஒரு சந்தோஷம். எழுதுகிறேன், பொய் எழுதி என்ன ஆகப் போகிறது. அவள் முகம் சுருங்கியதைப் பார்க்க ஒரு சந்தோஷம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. நமக்கு இல்லை. பக்கத்து வீட்டில் பாயசம் கொண்டுவந்து, கதவு வரை வந்து, ஞாபகம் வந்து திருப்பி எடுத்துப் போனார்கள்.

ஏப்ரல் 27, சனி

கேப்டன் ஜெயந்திரன் வீட்டுக்கு வந்தார். கிளப்பில் வாத்தியார்களுக்கெல்லாம் தலைவர். செருப்பைக் கழற்றிவிட்டு ரிஷி படத்தின் முன்னால் நின்றார். விசாரணை முடிந்துவிட்டதாம். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

அன்றைக்கு ரிஷி தனியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தான். பெரிய விமானங்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்ததால் விமான நிலையத்து டவரில் இவனை ஆற்றுக்கு மேலே சுற்றிக்கொண்டு இருக்கச் சொன்னார்கள். சுற்றினான். மழை பின்னால் வந்தது. அதே இடத்தில் சுற்றச் சொன்ன இன்னொரு சின்ன பிளேன்காரன், மழை வருகிறது, முடியாது என்று சொல்லிவிட்டான். அவனை வேறு வழியாக அனுப்பி இறக்கிவிட்டார்கள். இவன் சரி, சரி என்று சொல்லிக்கொண்டே சுற்றியிருக்கிறான். மேகம் மூடி, கீழே கீழே வந்து, செம்பனைக் காட்டில் பெரிய மின்சாரக் கோபுரம்.

“முடியாதுன்னு சொன்னா டவர்ல கோவிச்சுக்குவாங்களா சார்?”

“இல்லம்மா. அத சொல்றதுக்கு ஒரு வார்த்தையே இருக்கு. சொல்லிட்டா வேற வழி தருவாங்க. நாங்க முதல் வாரத்துலயே சொல்லிக்குடுக்கறது அது. ரிஷியே புள்ளைங்களுக்கு சொல்லிக்குடுப்பான்.”

டீ குடிக்காமல் போய்விட்டார்.

மே 12, ஞாயிறு

அடுத்த வாரம் தனியாகப் போகிறாளாம். வாத்தியார் இல்லாமல், இவள் மட்டும். நகரத்து ஓரமாகப் போய், ஆற்றைப் பிடித்துக்கொண்டு கடல் வரை போய்த் திரும்ப வேண்டுமாம். அண்ணன் சுற்றின அதே இடத்துக்கு மேலே.

“போகக் கூடாது” என்றேன். போவேன் என்றாள். உன் அண்ணன் சாம்பல் அந்த ஆற்றில்தான்டி கரைச்சோம் என்றேன். தெரியும் என்றாள்.

“அவனுக்கே முடியல, உனக்கு முடியுமா?”

அப்போது சொன்னாள். கத்தவில்லை. அதுதான் சுட்டது. “எனக்கு முடியும்மா. எனக்கு வாய் இருக்கு. அவனுக்குத்தான் நீ வாயே வைக்கல. பெரியவங்க சொன்னா எதுத்துப் பேசாத, வாத்தியார் சொன்னா தலையாட்டு, வெள்ளைச் சட்ட போட்டவன் சொன்னா சரி சார். அடிச்சு அடிச்சு வளத்தியே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா இறங்கியிருப்பான். அந்த வார்த்த அவன் வாயில வராம செஞ்சது யாரு?”

நான் சொன்னது: “அவனுக்குப் பதிலா நீ போயிருக்கலாம்.”

சொல்லிவிட்டேன். அவள் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தாள். என் தட்டையும் கழுவினாள்.

மே 15, புதன்

கடைக்கு லீவு சொல்லிவிட்டு கிளப்புக்குப் போனேன். அவளுக்கு இன்று வேலை இல்லை, வீட்டில்தான் இருந்தாள். காரியத்துக்குக் கட்டின வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டேன். கேப்டன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அங்கே இருந்த சின்னப் பசங்களும் எழுந்தார்கள். யாரோ நாற்காலி போட்டார்கள், யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

“சார், தாமரைக்கு வலிப்பு இருக்கு” என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார்.

நான் வளர்ந்த தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டில் ஒரு பெண்ணுக்கு வரும். நான் பார்த்ததை அப்படியே தாமரைக்கு வந்ததாகச் சொன்னேன். கண் மேலே செருகும், வாயில் நுரை, பாவாடை நனைந்துவிடும். மூணாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்திலேயே வந்தது. பூசாரியிடம் மந்திரித்தோம், ஆஸ்பத்திரியில் காட்டவில்லை. போன மாதம்கூடக் குளிக்கப் போன இடத்தில் வந்தது. அவள் மறைக்கிறாள். ஒரு பிள்ளையைக் குடுத்துட்டேன் சார், இன்னொண்ணையும் கேக்காதீங்க.

அந்தக் கடைசி வார்த்தை பொய் இல்லை. அதனால்தான் மற்றதெல்லாம் நின்றது.

“நல்லவேள சொன்னீங்கம்மா” என்றார். “எங்ககிட்ட இருக்கறதுலயே அவ கண்ணுதான் நல்ல கண்ணு. ஆனா சந்தேகம்னு ஒண்ணு வந்துட்டா ஏத்த மாட்டோம். கீழ பள்ளிக்கூடம், பிளாட்டு, ஹைவே. இது காடு இல்லம்மா, கோலாலம்பூர்.”

வரும் வழியில் பசித்தது. ரொட்டி சானாய் வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

மே 16, வியாழன்

கிளப்பில் அவளை அழைத்து இனிப் பறக்க முடியாது என்று சொல்லியிருக்கிறார்கள். அழுவாள், அடிப்பாள் என்று நினைத்துச் சாமி அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். வாசல்படியில் வந்து நின்றாள்.

“எனக்கு எப்பம்மா வலிப்பு வந்துச்சு?”

“மூணாவது படிக்கறப்ப.”

“எனக்கு ஞாபகம் இல்லையே.”

“வந்தவங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?”

“ஆமா, அதுவும் சரிதான்” என்றாள்.

ஜூன் 9, ஞாயிறு

அவள் வீட்டில் இருக்கிறாள். கவுண்டர் வேலையையும் விட்டுவிட்டாள். மழை பெய்தாலும் எனக்குக் கவலை இல்லை.

ஜூன் 30, ஞாயிறு

ஏதோ சரியில்லை. எது சொன்னாலும் சரிம்மா. சாப்பிடு, சரிம்மா. துணியை எடு, சரிம்மா. அந்தப் பச்சைச் சட்டை உனக்கு நல்லாயில்லை என்றேன், கழற்றிவிட்டு வேறு போட்டுக்கொண்டாள். வேண்டுமென்றே ரசத்தில் உப்பை அள்ளிப் போட்டேன். குடித்துவிட்டு நல்லா இருக்கும்மா என்றாள்.

என்னை ஏதாவது சொல்லேண்டி. திட்டேன். நான் செஞ்சது உனக்குத் தெரியும்தானே, ஏன் வாயத் தொறக்க மாட்டேங்கற? வாய் இருக்குன்னியே —

ரிஷியும் இப்படித்தான் சரிம்பான். அவன் சொன்னால் எனக்குப் பெருமையாக இருக்கும். இவள் சொன்னால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன்.

ஜூலை 10, புதன்

மறுபடி கிளப். இந்தத் தடவை யாரும் எழுந்து நிற்கவில்லை. நான் சொன்னதெல்லாம் பொய் என்று கேப்டனிடம் சொன்னேன். ரிஷி மேல சத்தியம் என்று தலையில் கை வைத்துக்கொண்டேன்.

“ரிஷிய இதுல இழுக்காதீங்க” என்றார். அப்புறம் மெதுவாக, “புள்ள வீட்ல அழுவுது, உங்களுக்கு மனசு கேக்கல. எந்தத் தாயும் இதத்தான் செய்வா. ஆனா நீங்க முதல்ல சொன்னத நான் மேலிடத்துக்கு ரிப்போர்ட் பண்ணிட்டேன். நான் இப்ப உங்கள நம்பினாலும் அவள ஏத்த முடியாது. பெரியாஸ்பத்திரில மூளை டாக்டர் பாத்து, எதுவும் இல்லன்னு சொல்லட்டும். கொஞ்ச காலம் ஆகும். அப்பறம் பாக்கலாம்” என்றார்.

பார்க்கலாம் என்றார். அது போதும். வழி இருக்கிறது.

செப்டம்பர் 18, புதன்

பெரியாஸ்பத்திரி. நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் வசுந்தரா, சின்ன வயசு, பொறுமையாகப் பேசுகிறாள். தலையில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லையாம். எனக்கு உயிர் வந்தது.

“இதுல தெரியலன்னா இல்லன்னு அர்த்தம் இல்ல, ஆன்டி. நிறைய பேருக்குத் தெரியாது. அதனால நீங்க சொல்றதுதான் முக்கியம்” என்றாள் டாக்டர்.

“அவளுக்கு ஒண்ணுமே கெடையாது டாக்டர். நான் பொய் சொன்னேன். பறக்கக் கூடாதுன்னு பொய் சொன்னேன்.”

தாமரை என் கையைத் தடவிக்கொடுத்தாள். அத்தனை பாசமாக. “அம்மா அப்படித்தான் சொல்வாங்க டாக்டர். வெளிய தெரிஞ்சா எனக்குக் கல்யாணம் ஆகாதுன்னு பயம். போன மாசம்கூட ரெண்டு தடவ வந்துச்சு. நாக்கக் கடிச்சுக்கிட்டேன்.”

டாக்டர் என்னைப் பார்த்த பார்வை! “நம்ம ஆளுங்ககிட்ட இது ஒரு பெரிய வியாதி, ஆன்டி. மறைக்கறது. மறைச்சு மறைச்சுத்தான் புள்ளைங்கள சாக விடறீங்க.”

மருந்து எழுதினாள்.

வராந்தாவில் பிடித்து உலுக்கினேன். ஏண்டி, ஏண்டி இப்படிப் பண்ண, வழி இருந்துச்சேடி.

“நீ ஒரு தடவ சொல்லிட்ட. பெரியவங்க சொன்னத நான் எதுத்துப் பேசலாமா?” என்றாள். மருந்து கொடுக்கிற இடத்துக்கு எந்தப் பக்கம் என்று அங்கே போன நர்ஸிடம் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

ரிஷி திவசம். படையலுக்கு அவள்தான் சமைத்தாள். எல்லாரும் அவளுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்டார்கள்.

நவம்பர் 21, வியாழன்

மாத்திரை போட்டால் மத்தியானம் வரை தூங்குகிறாள். பேச்சு இழுக்கிறது. நான் ஒரு நாள் மாத்திரையைக் குப்பையில் போட்டேன். அவளே கிளினிக்குக்குப் போய், அம்மா எறிஞ்சிட்டாங்க என்று சொல்லி வேறு வாங்கி வந்துவிட்டாள்.

2025

பிப்ரவரி 2, ஞாயிறு

குளிக்கும்போது கதவைத் தாழ் போடுவதில்லை. வெளியே நாற்காலி போட்டு என்னை உட்காரச் சொல்கிறாள். “தண்ணியில வந்துட்டா என்ன பண்றது, நீதானம்மா சொன்ன.” கையில் இரும்பு வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். வலிப்பு வந்தால் இரும்பு கொடுப்பார்களே, அதற்கு. வீட்டுச் சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே தண்ணீர் சத்தம் நின்றால், வலிப்பே இல்லாதவள் என்று தெரிந்தும் என் நெஞ்சு நின்றுவிடுகிறது. அவளுக்கு அது தெரியும். அதனால்தான் நடுவில் நடுவில் நிறுத்துகிறாள்.

மே 20, செவ்வாய்

தனியாக விட முடியாது என்று கடைக்கும் கூட்டிப் போகிறேன். முதலாளியம்மா கௌசலா இரக்கப்பட்டு ஒரு ஸ்டூல் கொடுத்திருக்கிறார். இவள் அதில் உட்கார்ந்து இலை துடைக்கிறாள்.

வாணி, “ரெண்டு புள்ளையும் உனக்கு இப்படி ஆயிருச்சேக்கா, என்ன பாவம் பண்ணியோ” என்றாள்.

தாமரைதான் சொன்னாள். “எங்கம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க ஆன்டி. அவங்க இல்லன்னா நான் என்னைக்கோ செத்திருப்பேன்.”

ஆகஸ்ட் 14, வியாழன்

ஆஸ்பத்திரியில் தவணை. டாக்டர் என்னைத்தான் கேட்டாள், ஒரு தடவையாவது வந்ததா என்று. இல்லை என்றேன். சத்தியமாக ஒரு தடவைகூட இல்லை.

“பாத்தீங்களா ஆன்டி, அன்னைக்கு எவ்வளவு அடம் புடிச்சீங்க. மருந்து நல்லா வேலை செய்யுது. நிறுத்தவே கூடாது” என்றாள்.

“கேட்டியாம்மா?” என்றாள் தாமரை.

திரும்பும்போது கொமுட்டர் ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். உடம்பு ஊதியிருக்கிறது, கனமாக இருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பார்த்துக்கொண்டே வந்தார். அவர் மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாளாம், போன் போட்டால்கூட எடுப்பதில்லையாம்.

“இந்தக் காலத்துல எந்தப் பொண்ணுங்க அம்மா தோள்ல தூங்குது? குடுத்து வச்சவங்க நீங்க” என்றார்.

ஆமாம் என்றேன்.