பித்தக் குழாயில் கல், வெள்ளிக்கிழமை கல்யாணம்

ஆவணி 8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாயிற்று. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே. இடம் கொடுக்க நாலு பேர் எழுந்தார்கள், நான்தான் வேண்டாம் என்றேன். (ஒருத்தரும் எழவில்லை என்பாள் சரோஜா. மனைவி பேச்சுக்கெல்லாம் சாட்சி தேட முடியாது.)

கண் மஞ்சள். மூத்திரம் மஞ்சள். உடம்பெல்லாம் அரிப்பு. ஸ்கேனில், பித்தக் குழாயில் கல். பித்தம் கீழே இறங்க வழியில்லாமல் ரத்தத்தில் ஏறுகிறது. டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன். அசந்துபோனார். படிப்பு எட்டாவதுதான். ஆனால் போர்வெல் வேலையில் கடலூர் மாவட்டத்தில் நான் குழாய் இறக்காத ஊர் கிடையாது. அடைப்பு எனக்குத் தெரியாதா?

வைத்தியம்: கேமரா வைத்த குழாயை வாய் வழியாக இறக்கி, இரைப்பையைத் தாண்டி, பித்தக் குழாயின் வாயை லேசாக அறுத்து, குட்டிக் கூடை ஒன்றை விட்டுக் கல்லைப் பிடித்து இழுப்பது. வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. போர்வெல்லுக்குள் மோட்டார் அறுந்து விழுந்தால் நாங்கள் செய்கிற அதே வேலை.

“கொக்கி போடறப்ப அவசரப்படக் கூடாதும்மா. பக்கத்துச் செவுத்துல இடிச்சிதுன்னா மண்ணு சரிஞ்சிடும்.”

“சரிங்கய்யா. நீங்க நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க. அது போதும்.”

கவலை ஒன்றுதான். வெள்ளிக்கிழமை கடலூரில் திவ்யா கல்யாணம். தங்கச்சி மல்லிகாவின் மகள். தாய்மாமன் நான் நெற்றியில் பட்டம் கட்டினால்தான் பெண் மேடை ஏறும். தங்கத் தகடு, சிவப்புக் கல், நானே போய்ப் பொறுக்கி எடுத்தது. பையிலேயே வைத்திருக்கிறேன். நாளை கல்லை எடுத்தால் மறுநாள் வீட்டுக்குப் போகலாமாம்.

வாங்க வேண்டியது: தேங்காய் எண்ணெய் (அரிப்புக்கு), சீப்பு, பேனா.

ஆவணி 9, செவ்வாய்

நடக்கவில்லை. ஒரு இளநீரால் நடக்கவில்லை.

நியாயம் யார் பக்கம் என்று பின்னால் பார்த்துக்கொள்ளலாம், நடந்ததை எழுதி வைக்கிறேன். ராத்திரி சோற்றைத் தொடவில்லை. காலையில் காபி இல்லை. கேட் வாசலில் இளநீர்க்காரர். காமாலைக்கு அதைவிட மருந்து ஏது? ஒன்று குடித்தேன். வழுக்கையையும் வழித்துத் தின்றேன். கிருத்திகை விரதத்தில் என்றைக்கும் இப்படித்தான். இளநீர், பழம், பால் எல்லாம் விரதத்தில் சேர்த்தியே இல்லை. முருகனே ஒத்துக்கொண்ட விஷயம்.

பச்சைக் கவுன் மாட்டி, கையில் ஊசி ஏற்றி, உள்ளே தள்ளிக்கொண்டு போகிற நேரத்தில் சிஸ்டர் கேட்கிறார்.

“காலைலேருந்து எதனா சாப்டீங்களா?”

“பச்சத்தண்ணி பல்லுல படல சிஸ்டர். எளநி மட்டுந்தான்.”

“என்னாது?”

“எளநி. வழுக்க கொஞ்சம்.”

வண்டி அப்படியே திரும்பியது. மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் கிடப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டரம்மா. அப்படியென்றால் இளநீர் கூடாது என்று பேர் சொல்லிச் சொல்லியிருக்க வேண்டாமா? கேட்டேன்.

“பிரியாணின்னும்தான் பேர் சொல்லலீங்கய்யா.”

சரோஜா சிரித்தாள். இவள் யார் பக்கம்?

மல்லிகா போன் செய்தாள். மெஷினுக்கு ஜப்பானிலிருந்து ஆள் வருகிறான், அதனால் நாளைக்கு என்று சொன்னேன். பாதி உண்மை. நாளைக்கு என்பது உண்மை.

ஆவணி 10, புதன்

எச்சில்கூட விழுங்கவில்லை. வாயில் ஒரு வளையத்தைக் கடிக்க வைத்து, குப்புறப் படுக்க வைத்து, தூக்க ஊசி. அறையில் எட்டு டாக்டர். மூணு பேர் என்கிறாள் சரோஜா. வெளியே உட்கார்ந்திருந்தவள்.

விழித்தபோது கல் வெளியே. எலுமிச்சங்காய் பருமன். டாக்டரம்மா காட்டிய படத்தில் மொச்சைக்கொட்டை அளவு தெரிகிறது. கேமராவில் எதுவும் சின்னதாகத்தான் தெரியும், நான் பார்க்காத கேமராவா. பித்தம் இறங்குவதற்கு ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு உள்ளே வைத்திருக்கிறார்கள். சில வாரம் கழித்து வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாயங்காலம் மேல்வயிற்றில் வலி. முதுகு வரை பிடிக்கிறது. வாயு.

ஆவணி 11, வியாழன்

வாயு இல்லை. கணையம் வீங்கியிருக்கிறது.

பித்தக் குழாயும் கணையக் குழாயும் ஒரே வாசலில் வந்து திறக்கின்றன. பித்தத்துக்குப் போகிற கம்பி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டால் சில பேருக்கு இப்படி ஆவதுண்டாம். திங்களன்றே டாக்டரம்மா இதை விளக்கிச் சொல்லி, சரோஜா கையெழுத்தும் போட்டிருக்கிறாள். அப்போது நான் போர்வெல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேனாம்.

சாப்பாடு: இல்லை. தண்ணீர்: இல்லை. கடலூர்: இல்லை.

“ஒரு மணி நேரம் போயிட்டு வந்துடறேம்மா. கார்லயே படுத்துக்கறேன்.”

“ரத்த ரிப்போர்ட்டு எடம் குடுக்கலீங்கய்யா.”

“ரிப்போர்ட்டு யாருக்கும் தாய்மாமன் இல்லம்மா. நான் தாய்மாமன்.”

டாக்டரம்மா ட்ரிப்ஸைச் சரிபார்த்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மத்தியானம் தம்பி குமரேசன் வந்தான். குமராட்சியில் மினிபஸ் ஓட்டுகிறவன்.

“பட்டத்தக் குடுண்ணே. நான் கட்டிடறேன். நானும் தாய்மாமன்தான்.”

“கட்டின லுங்கி இடுப்புல நிக்காது ஒனக்கு. நீ பட்டம் கட்டப் போறியா?”

“இப்பல்லாம் லுங்கி கட்டறதில்லண்ணே. நைட் பேன்ட்டுதான்.”

கொடுத்தேன். பொட்டலத்தைப் பிரித்து ஒரு தடவை பார்த்துவிட்டு. இரட்டை முடிச்சு, நேராக, என்று சொன்னேன். போகும்போது கையைப் பிடித்தான். ஊசி இருக்கிற கை. வலித்தது.

ஆவணி 12, வெள்ளி

நல்ல வெயில். கல்யாணத்துக்கு ஏற்ற நாள்.

வீடியோ காலில் பார்த்தேன். போன் பிடித்தவன் பாதி நேரம் மண்டபத்து ஃபேனைக் காட்டினான். திவ்யா வந்தாள். பட்டம் இடது பக்கம் சாய்ந்து கிடக்கிறது. “கோணல், கோணல்” என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும். பக்கத்துக் கட்டில்காரர்தான் எழுந்து உட்கார்ந்தார். தாலி கட்டுகிற நேரம் லைன் கட்.

சரோஜாவை நேற்றே கல்யாணத்துக்குப் போகச் சொன்னேன். “நான் அந்தாண்ட போனதும் இன்னொரு எளநி குடிப்பீங்க” என்று சொல்லிவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தவள்தான். இன்றைக்குப் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருக்கிறாள்.

அங்கே பந்தி. இங்கே ட்ரிப்ஸ்.

செவ்வாயன்றே செய்திருந்தால்? அப்போதும் வீங்கியிருக்கலாம். ஆனால் வெள்ளிக்குள் வடிந்திருக்கும். வடிந்திருக்காது. வடிந்திருக்கும். இளநீர்க்காரர் இன்று கேட்டில் இல்லையாம். யாரைத் திட்டுவது.

ஆவணி 14, ஞாயிறு

மேகம். வலி இறங்கிவிட்டது. கண்ணில் மஞ்சள் பாதி போயிற்று. காலையில் அரிசிக் கஞ்சி, உப்பு போட்டது. எந்தக் கல்யாணத்திலும் இப்படி ஒன்று சாப்பிட்டதில்லை.

திவ்யாவும் மாப்பிள்ளையும் வந்தார்கள்.

“ஜப்பான்காரரு போயிட்டாரா மாமா?” இது மாப்பிள்ளை.

“நேத்துதான் போனாரு.”

சரோஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திவ்யா கைப்பையிலிருந்து பட்டத்தை எடுத்தாள். “சின்ன மாமா கோணலா கட்டிட்டாரு. எல்லா போட்டோலயும் அப்படியே இருக்குது. நீங்க கட்டுங்க மாமா.”

கட்டில் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். நூலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனேன். ஊசி ஏற்றின கை வீங்கி, விரல் மடங்கவில்லை. ஒரு முடிச்சு. நழுவியது. மறுபடி. அதற்கு மேல் ஒன்று. அவள் அசையவில்லை.

மாப்பிள்ளை போட்டோ எடுத்தார். கண்ணாடிகூடப் பார்க்காமல், “நேரா இருக்குது மாமா” என்றாள் திவ்யா.

போனை வாங்கிப் பார்த்தேன். வலது பக்கம் சாய்ந்திருந்தது. குமரேசன் கட்டினதைவிட ஜாஸ்தி.