சுரண்டினால் இரண்டு பெயரும் போகும்

கலந்தர் அண்ணனுக்கு,

பொன்னேரி வகுப்புக்குப் போகிறேன். சாவி பக்கத்து வீட்டு ஆமினா பீவியிடம் இருக்கும். இறால் குழம்பை மூடி வைத்திருக்கிறேன், பூனை வரும். பெண் வீட்டார் வருவதற்குள் திரும்பிவிடுவேன்.

எறும்பு ஏறாமல் கேக்கைத் தண்ணீர்த் தட்டுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். என்னைச் செய்யச் சொல்லிவிட்டு, மெட்ராஸ் கடைக் கேக் என்று அவர்களிடம் பீற்றியிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும்.

போன தடவை, தங்கை ராபியாவின் பிறந்தநாள் கேக்கில் பெயர் எழுதும்போது, வலமிருந்து இடமாக அரபி எழுதிப் பழகிய என் கை, வலது ஓரத்தில் தொடங்கிவிட்டது. முதல் எழுத்துக்குப் பிறகு இடமே இல்லை. மற்றவை பக்கவாட்டில் இறங்கின. "இன்னாடி இது, நண்டு ஓடின சேறாட்டம் கீது!" என்று விரலால் வழித்து நக்கினீர்கள். வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

இன்று நடுவிலிருந்து தொடங்கினேன். உங்களுக்குப் பேசியிருக்கும் பெண்ணின் பெயர், "சபுரா". அதன் கீழேயே ஒட்டி, "செய்தது ஜொஹரா". சுரண்டப் பார்க்காதீர்கள். ஏரிக்காற்றில் ஐசிங் இன்னும் இறுகவில்லை. என் பெயரைத் தொட்டால் அவள் பெயரும் கலையும். அதை வரப்போகும் மாமியாருக்கு நீங்கள்தான் விளக்க வேண்டும்.

ஜொஹரா

"ஹ" கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. இரண்டு முறை வழித்துவிட்டு எழுதியும் நேராக வரவில்லை. அதைப் பற்றி எதுவும் பேசாதீர்கள்.

இன்னொன்று: அன்று வழித்து நக்கினீர்களே, இனிப்பு சரியாக இருந்ததா? யாரும் சொல்லவில்லை. இன்று அவர்கள் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.