பாய்ச்சலுக்கு முதல் பொருள்

என்னங்க,

கண் திறக்காவிட்டாலும் உங்களுக்குக் காது கேட்குமாம். எழுதிக் கொடுத்தால் படித்துக் காட்டுவதாக நர்ஸம்மா சொன்னாங்க. நேரில் பேச வந்தால் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

'பாய்ச்சல்' என்ற ஒரே சொல்லால் நம் அகராதி அச்சுக்குப் போகாமல் கிடக்கிறது. எல்லாம் உங்கள் பிடிவாதம். புலி பாய்வதுதான் முதல் பொருள், குறி பார்க்காமல் பாய்ச்சல் ஏது என்றீங்க. தண்ணீர் பாய்வதுதான் முதலில் வந்தது, புலியெல்லாம் அப்புறம் என்றேன் நான். எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து மாசக்கணக்கில் மல்லுக்கட்டினோம்.

ஒரு சட்டை எடுக்கவே கடையில் அரை நாள் யோசிக்கிற மனுஷன், பக்கத்து வீட்டு நாயைக் காப்பாற்ற வேன் முன்னால் பாய்ந்து இப்படிக் கிடக்கிறீங்களே! அதுவும் தினம் உங்களைப் பார்த்துக் குரைக்கிற நாய்! அதுக்கு ஒரு கீறல்கூட இல்லை. காலையில் என்னைப் பார்த்தும் குரைத்தது.

குறி பார்த்தீங்களா? ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா? பள்ளத்தைக் கண்ட தண்ணீர் மாதிரி போனீங்க. ஆகவே தண்ணீரையே முதல் பொருளாகப் போட்டுவிட்டேன். நாளைக்கு அச்சுக்குப் போகிறது.

ஆட்சேபணை இருந்தால் எழுந்து வந்து சொல்லுங்க.

உங்கள்
எதிர் மேசைக்காரி